டோஃபு கடையும் உன் சாம்பாரும்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளைக்கு ஊர்ப்பக்கமே மாற்றல் கிடைத்ததில் எனக்கும் நிம்மதி. ஆனால் உன் மெஸ்ஸில் ஒருவர் எல்லார் முன்னாலும் "சாம்பாரா இது, தண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனதைப் பற்றியே ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் இங்கே சிங்கப்பூரில் எங்கள் ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் உணவங்காடியில், மதியம் நாங்கள் சாப்பிடும் யோங் தாவ் ஃபூ கடைதான் நினைவுக்கு வந்தது.

யோங் தாவ் ஃபூ ஹக்கா சீனர்களின் சாப்பாடு. வடக்கிலிருந்து தெற்குச் சீனாவுக்கு வந்தபோது கொழுக்கட்டைக்குக் கோதுமை மாவு கிடைக்காமல், சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் டோஃபுவைக் குடைந்து இறைச்சி வைத்தார்கள் என்று சொல்வார்கள். சிங்கப்பூரில் பெரும்பாலும் மீன் விழுதுதான். அதையே பாகற்காயிலும் வெண்டைக்காயிலும் மிளகாயிலும் அடைத்து வரிசையாக வைத்திருப்பார்கள். வேண்டியதை இடுக்கியால் கிண்ணத்தில் எடுத்து நீட்டினால், கடைக்கார ஆன்ட்டி கத்தரிக்கோலால் சரக் சரக்கென்று நறுக்கி, கம்பிச் சல்லடையில் போட்டுக் கொதிக்கும் அண்டாவில் முக்குவார். பீஹூனா (அரிசிச் சேமியா), மஞ்சள் மீயா (கோதுமை நூடுல்ஸ்), சூப்பா, சூப் இல்லாமல் டிரையா என்பதெல்லாம் அந்த நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கடையைப் பற்றி எங்கள் மேசையிலேயே ஆளுக்கொரு பேச்சு. ஒருத்தி சூப்பைப் போல உண்டா என்பாள். பக்கத்தில் இருப்பவர், எல்லாமே தித்திப்பு என்பார். அவர் எப்போதும் டிரைதான் வாங்குவார். மேலே ஊற்றும் பழுப்புச் சாஸ் இனிப்பாகத்தான் இருக்கும். எண்ணெய் வழிகிறது என்று குறைப்படும் இன்னொருவர் கிண்ணத்தில் பார்த்தால் பொரித்த அயிட்டம் மட்டுமே கிடக்கும். இந்தக் கடையில் பாதிச் சமையல் சாப்பிடுகிறவர் இடுக்கியில்தான் நடக்கிறது, மல்லிகா. ஆனால் பேச்சு முழுவதும் ஆன்ட்டி தலையில் விழுகிறது.

அவர் சிடுசிடுப்பு என்கிறார்கள். எனக்கு அது கொஞ்சமும் நியாயமாகத் தெரியவில்லை. முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது சிரித்துப் பேசினால் கடைசி ஆள் சாப்பிடாமல் வேலைக்குத் திரும்ப வேண்டியதுதான். விலை? 5 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சாப்பிட்டது இப்போது 6 வெள்ளி 50 காசு. எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் 2023-இல் 8 விழுக்காட்டுக்கும் 2024-இல் 9 விழுக்காட்டுக்கும் ஜிஎஸ்டி ஏறியது. மீனும் எண்ணெயும் வாங்குகிற அவரும் அதைக் கொடுத்துத்தானே வாங்குகிறார்?

ஒரு குறை மட்டும் உண்மை. பதினொன்றரைக்குப் போனால் மீ பதமாக, பல்லில் நிற்கும். பன்னிரண்டே முக்காலுக்கு மேல் கூட்டத்தில் அதிக நேரம் வெந்து குழைந்துவிடும். பொரித்த டோஃபுவும் அதற்குள் தொய்ந்துபோயிருக்கும். இதைச் சொன்னவர் வாரத்தில் மூன்று நாள் அங்கே சாப்பிடும் பெரியவர் ஒருவர். அவர் சத்தம் போடவில்லை. தட்டைத் திருப்பி வைக்கப் போகிறபோது கடைப்பக்கம் நின்று, "ஆன்ட்டி, இன்னிக்கு மீ குழைஞ்சிடுச்சு" என்று மலாயில் சொன்னார். ஆன்ட்டி தலையை மட்டும் ஆட்டினார். அப்புறம் ஒரு மாதத்துக்குள் மீக்கென்று தனியாக ஒரு சின்ன அண்டா வந்துவிட்டது. அத்தனை பேர் சொன்னதில் அவர் காதில் ஏறியது அந்த ஒன்றுதான். அவர் எடுத்துக்கொண்டது சரியான ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

டிசம்பரில் நீங்கள் வரும்போது உன்னை அங்கே கூட்டிப் போகிறேன். உன் வீட்டுக்காரருக்கு அது சரிப்படாது. வெறும் டோஃபுவும் கீரையும் எடுத்தாலும் மீன் விழுது வேகும் அதே அண்டாவில்தான் முக்குவார்கள். அவருக்குச் சீனர்களின் சைவக் கடை ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், பீஹூன் அங்கே நன்றாக இருக்கும்.

சரி, சாம்பாரைக் குறை சொன்ன அந்த ஆள் தினமும் வருகிறவரா? எத்தனை மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தார்? இரண்டு மணிக்கு மேல் பாத்திரம் அடிதட்டும்போது உன் உதவியாள் வெந்நீர் விட்டு விளாவுகிறாளா என்று ஒரு நாள் நின்று பார். பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
கௌரி