ட்ரிப்ஸ் போடும் நர்ஸுக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும்

தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் புற்றுநோய் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். ரத்த நரம்பு வழியாக மருந்தும் ட்ரிப்ஸும் ஏற்றும் ஐ.வி. சிகிச்சைக்கென்று தனிப் பயிற்சி கொடுத்து, கவுன்சிலே தேர்வு வைத்துச் சான்றிதழ் தர வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எந்த வார்டுக்குப் போனாலும் கையில் வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகி வைக்கும் சிறு குழாய்) இல்லாத நோயாளியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் அதைப் போடுவதும் பார்த்துக்கொள்வதும் எடுப்பதும் நாங்கள்தான். கல்லூரியில் பொம்மைக் கையில் சில தடவை குத்திப் பழகுகிறோம். மீதி எல்லாம் சீனியர் சிஸ்டர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வதுதான். அவர் கை சுத்தமான கை என்றால் நமக்கும் அதே பழக்கம் வரும். ஊசி போடுமுன் வென்ஃப்ளானின் வாய்ப்பகுதியான ஹப்பை ஸ்பிரிட் போட்டுத் தேய்க்காதவர் என்றால் அதுவும் அப்படியே தொற்றிக்கொள்ளும்.

கீமோவில் கொடுக்கும் டாக்ஸோரூபிசினை எடுத்துக்கொள்ளுங்கள். செக்கச்செவேல் என்று இருக்கும் மருந்து. நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையையே அழுகவைத்துவிடும். "சிஸ்டர், எரியுது" என்று நோயாளி சொன்ன அந்த நொடியிலேயே மருந்தை நிறுத்த வேண்டும். பதற்றத்தில் வென்ஃப்ளானைப் பிடுங்கிவிடக் கூடாது. அதன் வழியாகவே உள்ளே நிற்கும் மருந்தை முடிந்தவரை சிரிஞ்சில் இழுத்தெடுத்துவிட்டுத்தான் அதை எடுக்க வேண்டும். அப்புறம் ஐஸ் ஒத்தடம். அதே வார்டில் கொடுக்கும் வின்கிரிஸ்டின் கசிந்தால் சூடான ஒத்தடம். இதை மாற்றிச் செய்தால் பாதிப்பு கூடும். இரவு ட்யூட்டியில் தனியாக நிற்கும் புது நர்ஸுக்கு இதெல்லாம் யாரோ எப்போதோ சொன்ன ஞாபகமாக இருந்தால் போதுமா?

அமெரிக்காவில் 1973-லேயே இந்த வேலைக்கென்று நர்ஸ்கள் ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். அங்கே ஐ.வி. நர்ஸ்களுக்கான சி.ஆர்.என்.ஐ. சான்றிதழ்த் தேர்வு எழுத, முந்தைய இரண்டு ஆண்டுகளில் 1,600 மணி நேரம் இந்தத் துறையில் வேலை பார்த்திருக்க வேண்டும். சான்றிதழ் 3 ஆண்டுக்குத்தான். பிறகு புதுப்பிக்க வேண்டும். அதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. அது கேள்வித்தாள் தேர்வு. நமக்கு நோயாளியின் கட்டிலருகே கையைப் பார்த்துச் சோதிக்கும் தேர்வும் வேண்டும்: நரம்பு தேடுவது, சொட்டுக் கணக்கு, வீக்கத்தை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது, பிக் லைன் (கை நரம்பு வழியாக இதயத்துக்கு அருகே வரை செல்லும் நீளக் குழாய்), கீமோ போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கு அடியில் பதிக்கும் கருவி) பராமரிப்பு.

ஒன்றை முக்கியமாகக் கேட்கிறேன். இதற்குக் கட்டணம் வைத்தால் தொகுப்பூதியத்தில் இருக்கும் நர்ஸ்கள் வர மாட்டார்கள், வரவும் முடியாது. பயிற்சி நாட்களை ட்யூட்டியாகக் கணக்கிட்டு, சான்றிதழ் பெற்றவருக்குச் சிறு படியாவது கொடுக்க அரசிடம் பரிந்துரையுங்கள். பாடத்திட்டக் குழு போடும்போது பேராசிரியர்களோடு, வார்டில் தினமும் லைன் போடுகிற சிஸ்டர்களையும் உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டாஃப் நர்ஸ்