குடையைப் பிள்ளையின் தலைக்கு மேலேயே பிடியுங்கள்

யாழ்ப்பாணத்துப் பாடசாலை அதிபர்களுக்கும், விழாக் குழுவினருக்கும், அவ்விழாக்களுக்கு அனுமதி வழங்கும் கல்வி அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

பிரதம விருந்தினரை வரவேற்பதற்காகப் பிள்ளைகளை வீதியோரம் வரிசையில் நிறுத்தும் வழக்கத்தைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாக எதுவும் விளக்க வேண்டியதில்லை. அந்த வரிசையில் நீங்களும் சிறுவயதில் நின்றிருப்பீர்கள். ஆசிரியராக இருந்த காலத்தில் நானும் பிள்ளைகளை அப்படி நிறுத்தியவன்தான். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கிருப்பதால் இம்மடலை மிகுந்த மனவருத்தத்தோடு எழுதுகிறேன். இனியும் அப்படிச் செய்யாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். அரச பவனி என்ற பெயரில் நடத்தப்படும் ஊர்வலங்களில் பிள்ளைகளை வெயிலில் காத்திருக்க வைக்காதீர்கள்.

கடந்த மாதம் எங்கள் பகுதிப் பாடசாலை ஒன்றின் விழாவில், யாழ்ப்பாண அரசர் காலத்துப் பவனியை மாணவர்கள் நடித்துக் காட்டுவார்கள் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு படிப்பித்தவன் என்பதால் ஆசையோடு போனேன். ஆறாம் தரத்தில் படிக்கும் என் பேரனுக்கு ஆலவட்டம் என்னும் பெரிய வட்ட விசிறியைப் பிடிக்கும் வேலை. றெஜிபோமில் வெட்டி, பொன்னிறத் தாள் ஒட்டி, மூங்கில் தடியில் கட்டிய ஆலவட்டம் அது. மூன்று இரவுகள் அவனும் தாயுமாக விறாந்தையில் இருந்து செய்தார்கள். அழைப்பிதழில் இருந்த நேரம் காலை ஒன்பது மணி. பிள்ளைகள் எட்டு மணிக்கே வீதியில் நிறுத்தப்பட்டார்கள். பிரதம விருந்தினர் வந்து சேர்ந்தபோது பதினொன்று இருபது.

அக்காலத்தவர் போலத் தோன்ற வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகளைச் செருப்பில்லாமல் நிற்கச் சொல்லியிருந்தார்கள். பத்து மணிக்குப் பிறகு தார் வீதி எப்படிக் கொதிக்கும் என்பதை இந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. என் பேரன் ஒரு காலை மற்றக் காலின் மேல் வைத்து மாறி மாறி நின்றான். அவனுக்கு முன்னே பூரண கும்பம் ஏந்தி நின்ற சிறுமி பத்தே முக்கால் அளவில் மயங்கி விழுந்தாள். கும்பத் தண்ணீர் அவளுடைய பட்டுப் பாவாடையை நனைத்துக்கொண்டு வீதியில் ஓடியது. இரண்டு தாய்மார் அவளைத் தூக்கி மதில் நிழலில் கிடத்தினார்கள். சில நிமிடங்களுக்குள் வேறொரு சிறுமியின் கையில் அதே கும்பம் கொடுக்கப்பட்டு, அவள் அதே இடத்தில் நிறுத்தப்பட்டாள். வரிசை குலையக் கூடாது என்பதில் இருந்த அக்கறை விழுந்த பிள்ளையிடத்தில் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இம்மடல் எழுத வைத்தது. சங்கிலி மன்னனாக வேடமிட்ட பத்தாம் தர மாணவன் வெண்கொற்றக் குடையின் கீழ் நின்றுகொண்டிருந்தான். விருந்தினரின் வாகனம் வந்து நின்றதும் ஒருவர் ஓடிப்போய், குடை பிடித்த பிள்ளையைத் தோளில் பிடித்து நகர்த்தி, குடையை விருந்தினரின் தலைக்கு மேலே கொண்டுபோனார். பின்னர் மன்னனாக நின்ற பிள்ளையின் கையில் மாலையைக் கொடுத்து, குனிந்து மாலை போடும்போது விழுந்துவிடும் என்று முடியைக் கழற்றச் சொன்னார்கள். முடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வியர்வையில் கரைந்த மீசை மையோடு, சங்கிலி மன்னன் குனிந்து மாலை போட்டான். விருந்தினர் கைத்தொலைபேசியில் பேசியபடியே கழுத்தை நீட்டினார். என் ஆயுளில் இவ்வூரின் வரலாறு இவ்வளவு தாழ்ந்து நின்றதை நான் கண்டதில்லை.

இது நமது பாரம்பரியம், விருந்தினரை இப்படித்தான் வரவேற்க வேண்டும் என்று விழாக் குழுவைச் சேர்ந்த ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது நமது பாரம்பரியம் இல்லை. ஏன் இல்லை என்பதை விரிவாகச் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

1619ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசின் தலைநகரான நல்லூரைக் கைப்பற்றினார்கள். கடைசி அரசனான சங்கிலி கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கே கொல்லப்பட்டான். 1621இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை இடிப்பித்தான். யாழ்ப்பாணத்து அரசன் பவனி வந்த காட்சியைக் காட்டும் ஓவியமோ சிற்பமோ நமது கையில் இல்லை. படுத்திருக்கும் நந்தியும் பிறையும் பொறித்து, கீழே சேது என்று எழுதிய நாணயங்கள் இருக்கின்றன. 1736 அளவில் மாதகல் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை இருக்கிறது. யமுனா ஏரி இருக்கிறது, சங்கிலியன் தோப்பு இருக்கிறது. இவற்றைத் தவிர, அரச பவனியின் உயிர் எஞ்சியிருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். அது நல்லூர்த் திருவிழா.

ஒல்லாந்தர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், கோவில் மீண்டும் எழுந்தபோது, அரசனுக்குரிய சின்னங்கள் எல்லாம் முருகனிடம் போய்ச் சேர்ந்தன. குடை, கொடி, ஆலவட்டம், சாமரம், தீவட்டி என்று அரசனுக்கு முன்னும் பின்னும் போனவை இன்று வேற்பெருமானுக்கு முன்னும் பின்னும் போகின்றன. அரசனின் பெயரையும் புகழையும் உரக்கக் கூறும் கட்டியம் சொல்லும்போது ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகு என்ற பெயர் ஒலிப்பதை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். தெற்கே இருந்த கோட்டை இராச்சியத்தின் அரசன் ஆறாம் பராக்கிரமபாகு அனுப்ப, 15ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தைப் பிடித்து ஆண்டு, பின்னர் கோட்டையிலும் முடிசூடிய செண்பகப் பெருமாளே அந்தப் புவனேகபாகு என்று வரலாற்றாசிரியர் பலர் கொள்கின்றனர். ஓர் அரசனின் பெயரை அவனுடைய அரசு அழிந்த பின்னும் நாள்தோறும் கூவி அழைக்கும் இடத்தில்தான் நமது அரச மரபு வாழ்கிறது.

அந்த இடத்தில் மரபு எப்படி நடக்கிறது என்பதைத் தயவுசெய்து எண்ணிப் பாருங்கள். நல்லூரில் குறித்த நேரத்துக்கு மணி ஒலிக்கும். குறித்த நேரத்துக்குச் சுவாமி வெளிவீதிக்கு எழுந்தருளுவார். யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு இருபத்தைந்து நாட்களில் ஒரு நாளும் பூசை தாமதிப்பதில்லை. எப்பேர்ப்பட்ட பதவியில் இருப்பவரும் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு, ஊர்ச் சனத்தோடு சனமாகத்தான் நிற்க வேண்டும். அர்ச்சனைச் சிட்டை நெடுங்காலமாக எல்லோருக்கும் ஒரு ரூபாதான். தேரன்று வீதியில் அத்தனை சனம் நெருக்கிக்கொண்டு நிற்பது யாரும் கட்டளையிட்டதால் இல்லை. நமது ஊரின் அரசன் முருகன். அவன் பிள்ளைகளைக் காக்க வைப்பதில்லை. அவனுக்குரிய குடையை எடுத்து, இரண்டு மணித்தியாலம் இருபது நிமிடம் பிந்தி வந்தவருக்குப் பிடிப்பது எந்த மரபு என்று கேட்கிறேன்.

மைசூரைப் பாருங்கள். 1610இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடங்கிய தசராவில், அரசர்கள் யானை மேல் பொன் அம்பாரியில் அமர்ந்து பவனி வந்தார்கள். மன்னராட்சி ஒழிந்த பின், ஏறத்தாழ 750 கிலோ எடையுள்ள அந்த அம்பாரியில் சாமுண்டேசுவரியை வைத்தார்களே ஒழிய, வேறு எந்தப் பதவியில் இருப்பவரையும் ஏற்றவில்லை. நமது நாட்டிலேயே, கண்டியை ஆண்ட நாயக்கர் வழி அரசன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன், நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் பெரஹரா ஊர்வலத்தில் புத்தரின் புனித தந்தத்தைச் சேர்த்து, அதற்கே முதலிடம் கொடுத்தான். முடியோடு இருந்த காலத்திலேயே அரசன் தனக்கு மேலே ஒன்றை வைத்துப் பவனி நடத்தியிருக்கிறான்.

தமிழில் உலா என்று ஓர் இலக்கிய வகையே உண்டு. ஒட்டக்கூத்தர் விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூவர் மீதும் உலாப் பாடினார். அரசன் யானை ஏறி வீதியில் வருகிறான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் அவனைக் கண்டு காதல் கொள்கிறார்கள். புலவர்களின் கற்பனை என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் அந்தக் கற்பனையில் சனங்கள் தாங்களாகவே வாசலுக்கு ஓடி வருகிறார்கள். வரிசையில் நிறுத்தி வைத்து அன்பைக் காட்டச் சொன்னதாக ஒரு கண்ணிகூட இல்லை.

நிறுத்தி வைக்கும் வழக்கத்துக்கு முன்மாதிரி தேடினால், அது வெள்ளைக்காரனின் தர்பாரில் அகப்படும். 1877, 1903, 1911 ஆகிய மூன்று ஆண்டுகளில் டில்லியில் தர்பார் நடத்தி, இந்தியாவின் சமஸ்தான மன்னர்களை ஒன்றுகூட்டித் தங்கள் மேலாதிக்கத்தை ஏற்றுக்கொள்ளச் செய்தார்கள். முதல் இரண்டிலும் முடிக்குரியவர் வரக்கூட இல்லை. அரசப் பிரதிநிதிகளான லிட்டனும் கர்சனும் அவர்கள் பெயரில் மரியாதை பெற்றுக்கொண்டார்கள். ஆண்டவனுக்கு முன் எல்லோரும் சமமாக நிற்கும் நல்லூர் வீதியையும், ஆளவந்தவனுக்கு முன் மன்னர்கள் வரிசையில் வந்து குனிந்த டில்லி மைதானத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முடியைக் கழற்றிய அந்தப் பத்தாம் தரப் பிள்ளை நின்ற இடம் இரண்டாவது.

விருந்தினரை வரவேற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மண்டப வாசலில் நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்து, சந்தனமும் குங்குமமும் கொடுத்து, பன்னீர் தெளித்து அழைத்துச் செல்வதற்கு இரண்டு பெரியவர்கள் போதும். அதை விட்டு, மேடையில் பத்துப் பதினைந்து பேருக்குப் பொன்னாடை, ஒவ்வொருவருக்கும் மாலை, ஒவ்வொருவருக்கும் பேச்சு என்று மத்தியானம் ஆகிவிடுகிறது. மாதக் கணக்காகப் பழகிய பிள்ளைகளின் நடனமும் நாடகமும் நேரமில்லை என்று வெட்டப்படுகின்றன. அன்றும் அப்படித்தான் நடந்தது. பரிசு வாங்க வந்த பிள்ளைகள் பசியோடு இருக்க, வாழ்த்துரைகள் நீண்டுகொண்டே போயின. பெற்றோர் ஒருவராவது எழுந்து கேட்டோமா என்றால் இல்லை. பிள்ளையின் படிப்புக்கு இடைஞ்சல் வந்துவிடுமோ என்ற பயத்தில் எல்லோரும் வாய்மூடி இருந்தோம்.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டுச் சற்று விலகிவிட்டேன். மேடை உங்கள் விருப்பம். வீதியைப் பற்றி மட்டுமே கேட்கிறேன். அரச பவனியை நடித்துக் காட்டுவது நல்ல காரியம், அதைக் கைவிட வேண்டாம். சினிமாவில் கண்ட உடைகளைப் பார்த்துச் செய்யாமல், நாணயத்தில் உள்ள நந்தியையும் பிறையையும் கொடியில் வரையுங்கள். கட்டியம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். மன்னனாக வரும் பிள்ளை கடைசி வரை மன்னனாகவே வரட்டும். விருந்தினர் முன்வரிசையில் அமர்ந்து பார்க்கட்டும். காலில் செருப்பும் கையில் தண்ணீர்ப் போத்தலும் இருப்பதால் வரலாறு ஒன்றும் கெட்டுப்போகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகளை வெயிலில் காத்திருக்க வைக்காதீர்கள்.

கல்வி அதிகாரிகளிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். விழாவுக்கு அனுமதி கொடுக்கும்போது, அழைப்பிதழில் உள்ள நேரத்துக்கு ஊர்வலம் புறப்படும், விருந்தினருக்காகப் பிள்ளைகள் வீதியில் நிறுத்தப்பட மாட்டார்கள் என்று அதிபரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி ஒரு தாள் இருந்தால், மேலிடத்து நெருக்குதலுக்கு அஞ்சும் அதிபருக்கும் அது துணையாக இருக்கும்.

என் பேரனின் வலது பாதத்தில் எழுந்த இரண்டு கொப்புளங்களும் ஆறிவிட்டன. ஆலவட்டத்தை அவன் வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறான். அடுத்த வருடமும் அதையே கொண்டுபோகலாமா என்று கேட்கிறான். கொண்டுபோகலாம் என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அவன் முன்னே நடக்கும் மன்னனின் தலைக்கு மேலேயே குடை கடைசி வரை நிற்கும்படி பார்த்துக்கொள்ளுமாறு உங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.