மடையைத் திறக்காமல் பொறுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

நாங்குநேரி வட்டாரத்துக் குளக்கரை ஊர்ப் பெரியவர்கள், பாசனக்காரர்கள், மீன் குத்தகைதாரர்கள், கோயில் கொடை நடத்துகிறவர்கள், ஆசிரியர்கள், பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டின் கூடு கட்டும் பருவம் முடிந்தது. கடைசியாகப் பொரித்த மஞ்சள்மூக்கு நாரைக் குஞ்சுகளும் ஆனிக் காற்றில் கிளம்பிவிட்டன. கருவேல மரங்களில் இப்போது காலிச் சுள்ளிக் கூடுகளும் எச்சத்தின் வெள்ளையும்தான் மிச்சம். 'உதவிய அனைவருக்கும் நன்றி' என்று ஒரு வரியில் எழுதிவிட்டால், யார் எதை விட்டுக்கொடுத்தார்கள், அது ஏன் தேவைப்பட்டது என்பது அடுத்த தைக்குள் மறந்துபோகும். அதனால் விவரமாகவே எழுதுகிறோம்.

பக்கத்தில் உள்ள கூந்தன்குளம் 1994-லேயே சரணாலயமானது. இன்று உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. திருப்புடைமருதூரில் கோயிலை ஒட்டிய மரங்கள் 2005 முதல் பறவைகள் காப்புப் பகுதி. நம் குளத்துக்கு அப்படி ஒரு பலகையும் கிடையாது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பறவையைக் கொல்வதும் முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் எங்கே நடந்தாலும் குற்றம்தான். ஆனால் கூடு காலியான மாதங்களில் அந்த மரத்துக்கும், மரத்தடித் தண்ணீருக்கும், பறவை இரை தேடும் பள்ளத்துக்கும் இங்கே காவல் நீங்கள்தான்.

முதல் நன்றி பாசனக்காரர்களுக்கு. மஞ்சள்மூக்கு நாரை அடைகாக்க ஏறத்தாழ ஒரு மாதம், பொரித்த குஞ்சு பறக்க மேலும் இரண்டு மாதம் ஆகும். மாசியில் இட்ட முட்டை வானம் ஏற வைகாசி ஆகிவிடும். பை போன்ற அலகுள்ள கூழைக்கடாவின் குஞ்சுக்கு இன்னும் கூடுதல் நாள் வேண்டும். பிசான நெல் அறுப்புக்குப் பிறகு குளத்தில் கிடக்கும் தண்ணீரை வைத்து உளுந்து போட்டால் அது ஒரு வீட்டுக்கு வருமானம். அதைத் தெரிந்தே மடையை அடைத்து வைத்தீர்கள். மரத்தடியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்வரை நாயும் கீரியும் காட்டுப்பூனையும் கிட்டே போகாது. முழங்காலுக்குக் கீழே குறைந்தால் நாய்கள் சேற்றில் நடந்தே போய்விடும். கூட்டிலிருந்து தவறும் குஞ்சு தண்ணீரில் விழுந்தால் தத்தளித்துத் தாழ்ந்த கிளையைப் பற்றிக்கொள்ளும். சேற்றில் விழுந்தால் நாய் வாயில்தான்.

மடை பார்க்கும் அண்ணாச்சிமார் மடைக்கல்லில் சுண்ணாம்பால் போட்ட கோடு எளிய வேலைபோலத் தெரியும். அதைச் சரியான இடத்தில் போடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. மடை ஓரம் குளத்தின் ஆழமான பகுதி. மரங்கள் நிற்கும் பக்கம் வண்டல் ஏறி மேடாகக் கிடக்கிறது. மடையில் ஆள் மட்டம் தண்ணீர் இருக்கும்போதே மரத்தடி வறண்டுவிடலாம். கல்லைப் பார்த்து அளவு சொன்னால் ஏமாந்துபோவோம். கூடுகள் உள்ள மரங்களில் மேட்டில் நிற்கும் மரம் எது என்று பார்த்து, அதன் அடியில் கம்பை ஊன்றி, தண்ணீர் இரண்டரை அடிக்கு வந்த அன்றே மடைக்கல்லில் கோடு போட வேண்டும். நீங்கள் அப்படித்தான் போட்டீர்கள். வண்டல் வருடா வருடம் ஏறுவதால் இந்தக் கோட்டை அடுத்த ஆண்டு புதிதாக அளந்துதான் போட வேண்டும்.

மீன் குத்தகைதாரர்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றி வேறு மாதிரி. கூட்டுக்கு அடியில் ஆழம் கேட்கும் அதே நாரைக்கு, இரை தேட ஆழம் ஆகாது. பாதி திறந்த அலகைத் தண்ணீருக்குள் விட்டு இப்படியும் அப்படியும் துழாவி, மீன் பட்டதும் சட்டென்று மூடுகிற பறவை அது. ஒரு சாண் தண்ணீரில்தான் அந்த வேலை நடக்கும். ஆகவே பக்கத்துச் சிறு குளங்கள் வற்றி வரும்போது நடுவில் தேங்கும் பள்ளங்கள்தான் குஞ்சுகளின் சாப்பாட்டுத் தட்டு. மோட்டார் வைத்து அடியோடு இறைத்து, பொடி மீன்வரை அரித்துவிட்டால் தாய்ப்பறவை நெடுந்தூரம் போகவேண்டி வரும். இரை பற்றாமல் போனால் முதலில் சாவது கூட்டின் கடைசிக் குஞ்சு. விலைபோகும் மீனை எடுத்துக்கொண்டு, கெண்டைக் குஞ்சும் அயிரையும் கிடந்த கடைசிப் பள்ளங்களை இறைக்காமல் விட்டீர்கள். விடிந்ததும் அந்தப் பள்ளங்களில் நாரையும் கரண்டிவாயனும் அரிவாள்மூக்கனும் வரிசை கட்டி நின்றதைக் குளத்துப் பக்கம் போன எல்லோரும் பார்த்தோம்.

கிழிந்த தங்கூசி (நைலான் நரம்பு) வலைகளைக் கரையில் வீசாமல் சாக்கில் கட்டித் தந்தவர்களுக்குத் தனி நன்றி. கண்ணுக்குத் தெரியாத நரம்பு அது, மக்காது. சுள்ளியோடு சேர்த்து நாரை அதையும் கூட்டுக்குத் தூக்கிப் போகும். குஞ்சின் காலில் சுற்றினால், கால் வளர வளர நரம்பு இறுகிச் சதைக்குள் புதைந்துவிடும். சிக்கிய பறவையைக் கண்டால் பதற்றத்தில் இழுப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. முதலில் துணியால் தலையை மூட வேண்டும். இருட்டினால் துள்ளல் அடங்கும். பிறகு வலை கிளையில் மாட்டியிருக்கும் இடத்தை வெட்ட வேண்டும். பறவை கைக்கு வந்தபின், நிழலில், முனை மழுங்கிய கத்தரிக்கோலால் ஒவ்வொரு இழையாக வெட்டலாம். சிறகின் அடிப்பக்கம், கழுத்து, விரலிடுக்கு எல்லாம் தடவிப் பார்க்காமல் விடக்கூடாது. மிஞ்சிய ஒரு சுற்று போதும், கால் போய்விடும். நரம்பு தோலுக்குள் போயிருந்தால் நாமே பிடுங்கக் கூடாது. வனத்துறைக்குச் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

விழுந்த குஞ்சுகளை எடுத்துக் காப்பாற்றும் பழக்கத்தை இந்த வட்டாரத்துக்குக் காட்டிக்கொடுத்தவர்கள் கூந்தன்குளத்துப் பால்பாண்டியும் அவர் மனைவி வள்ளித்தாயும். அவர்கள் செய்ததை இன்று பத்து ஊர்ப் பிள்ளைகள் செய்கிறார்கள். கிளையேறியவர்களுக்கும், இரவில் அழைத்தாலும் வந்த வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும், காசு வாங்காமல் பார்த்த கால்நடை மருத்துவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அடுத்த பருவத்தில் புதிதாகக் கைகொடுக்க வருகிறவர்களுக்காகச் சிலவற்றை எழுதி வைக்கிறோம்.

அடிபடாத குஞ்சை அதே மரத்தில் ஏற்றிவிடுவதுதான் முதல் வழி. மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மை இல்லை. ஆனால் பக்கத்துக் கூட்டில் வைத்துவிட்டால் அந்தக் கூட்டுக்காரப் பறவை கொத்தித் தள்ளும். எந்தக் கூடு என்று தெரியாதபோது, அடியில் ஓட்டைகள் உள்ள மூங்கில் கூடையில் சுள்ளி பரப்பி, அதே கிளையில் மூன்று இடத்தில் கட்டி, அதற்குள் விடலாம். ஓட்டை இல்லாத கூடையில் எச்சமும் மழைநீரும் தேங்கிக் குஞ்சின் வயிற்றுப்புறம் புண்ணாகிவிடும். மரம் ஏறுவது காலை 7 மணிக்குள் அல்லது மாலை 5 மணிக்கு மேல், கால் மணி நேரத்துக்குள் இறங்கிவிட வேண்டும். உச்சி வெயிலில் தாய்நாரை சிறகை விரித்து நின்று குஞ்சுகளுக்கு நிழல் தருகிறது. நாம் ஏறி அதைக் கிளப்பிவிட்டால், ஒன்றைக் காப்பாற்றப் போய் நாலைந்து வெந்து சாகும்.

கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா இவற்றின் அலகை இறுக்கிக் கட்டவே கூடாது. இவற்றின் மூக்குத்துளை அடைபட்டது. வாய் வழியாகத்தான் மூச்சு. கொத்தும் என்று பயந்து ரப்பர் பேண்ட் போட்டால் கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விடும். ஒரு விரல் நுழையும் இடைவெளி விட்டு அலகைக் கையால் பிடித்திருந்தால் போதும். கொக்கு, வக்கா (இராக்கொக்கு), பாம்புத்தாரா கண்ணைக் குறிவைத்துக் கொத்தும்; கண்ணாடி போடாமல் குனிய வேண்டாம்.

நாரைக் குஞ்சின் கால் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாக இருப்பதைப் பார்த்து 'தோல் வியாதி' என்று தேய்த்துக் கழுவியவர்கள் உண்டு. அது நோய் இல்லை. வெயில் தாங்காதபோது நாரை தன் காலிலேயே எச்சமிடும். அந்த ஈரம் காய்கையில் உடம்புச் சூடு இறங்கும். அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

பால், சோறு, பிஸ்கட், கருவாடு எதுவும் கொடுக்க வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். விரல் நீளப் பச்சை மீனை முழுதாக, தலைப்பக்கம் முதலில் போகும்படி கொடுக்க வேண்டும். வால் முதலில் போனால் துடுப்பு முள் தொண்டையில் மாட்டும். எலும்பெடுத்த கோழிக்கறி கொடுத்து வளர்த்தால் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் கால் வளைந்துபோகும். இத்தனையும் வனத்துறை வண்டி வரும்வரைக்குத்தான். ஆசையாக இருந்தாலும் வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம்.

கோயில் கொடைத் திருவிழா நடத்தியவர்கள் இந்தமுறை செய்தது பெரிய காரியம். வெடிச் சத்தம் கேட்டால் குளத்து நாரை அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பும். பகலானால் காக்கையும் செம்பருந்தும் முட்டைக்கு இறங்கும். இரவானால் எழும்பிய பறவை இருட்டில் கிளையில் மோதிச் சிறகை ஒடித்துக்கொள்ளும், கூட்டுக்குத் திரும்பவும் தெரியாது. சாமிக்கு நேர்ந்த வெடியை விட்டுக்கொடுப்பது லேசான முடிவில்லை என்று எங்களுக்குத் தெரியும். வெடியை நிறுத்தி, குழாய் ஒலிபெருக்கியைக் குளத்துக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்து, மேளத்தைக் கோயில் வளாகத்துக்குள் வைத்துக்கொண்டீர்கள். கொடையும் குறைவில்லாமல் நடந்தது, ஒரு கூடும் கலையவில்லை.

மே 1 கிராம சபையில் கூடுள்ள மரங்களை ஏலப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று கைதூக்கியவர்களுக்கு நன்றி. குளத்து மரம் விற்றால் ஊராட்சிக்கும் காசு வரும்; அதை வேண்டாம் என்று சொல்ல மனம் வேண்டும். 'பறவைகளைக் காப்பாற்றுங்கள்' என்று பொதுவாக எழுதிய மனுக்கள் முன்பு பலமுறை பதில் இல்லாமல் போயின. இம்முறை மரத்துக்கு மரம் எண், ஒவ்வொன்றிலும் இருந்த கூடுகளின் கணக்கு, பார்த்த தேதி, குளத்தின் புல எண், மரங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் கைவரைபடம், தேதியோடு புகைப்படம், தீர்மான நகல் எல்லாம் சேர்த்துத் திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் கொடுத்தோம். ரசீது எண் கிடைத்திருக்கிறது, முடிவு வரவில்லை.

அந்தக் கூட்டுக் கணக்கு முழுவதும் பள்ளிப் பிள்ளைகளின் வேலை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, கரையில் அதே இடத்தில், சூரியனுக்கு முதுகு காட்டி, ஒருவர் எண்ண ஒருவர் எழுதினார்கள். மரத்துக்கு ஆணி அடிக்காமல் தகரத் துண்டைக் கயிற்றில் தளர்வாகக் கட்டி எண் போட்டார்கள். மரத்தில் உட்கார்ந்திருக்கும் பறவையை எண்ணினால் கூட்டுக் கணக்கு வராது. இரவு தங்க வந்ததும் அதில் சேர்ந்துவிடும். அடையில் இருக்கிறதா, வெள்ளைத் தூவிக் குஞ்சா, பழுப்பு இறகு வந்ததா, கூட்டு விளிம்பில் நின்று சிறகடிக்கிறதா என்று நான்கு கட்டமாகப் பிரித்து எழுதியதால்தான், எந்த மரத்தடியில் எந்த வாரம்வரை தண்ணீர் வேண்டும் என்று பாசனக்காரர்களிடம் உறுதியாகச் சொல்ல முடிந்தது. நோட்டுகளைப் பத்திரப்படுத்தித் தந்த ஆசிரியைகளுக்கும், காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளை அனுப்பிவைத்த தாய்மாருக்கும் நன்றி. பறவைகள் தாழ்ந்து பறக்கும் இடத்தில் தொங்கிய மின்கம்பியைச் சொன்ன மறுநாளே இழுத்துக் கட்டிய மின் ஊழியர்களையும் மறக்கவில்லை.

இனி ஒரு வேலைக்கு ஆள் வேண்டும். எச்சம் அதிகம் விழுகிற மரம் சில வருடத்தில் பட்டுப்போகும். தென்கரைப் பக்கம் பழைய கருவேல்கள் ஏற்கெனவே காய்ந்து வருகின்றன. வண்டலை அள்ளித் திட்டு போட அனுமதி கிடைத்ததும் நாட்டுக் கருவேல் நட வேண்டும். திட்டின் தலை குளம் பெருகி நிற்கும் மட்டத்துக்கு மேல் ஒரு முழமாவது இருக்க வேண்டும். ஓர் அடி உயரத்துக்கு மூன்று அடி சரிவு விடாவிட்டால் அலையில் கரைந்துவிடும். மழை தொடங்கியபின் நட்டால் வேர் பிடிக்குமுன் தண்ணீர் மூடிக் கன்று அழுகும். ஆவணியிலேயே நட்டு, மழை வரும்வரை குடத்தில் ஊற்ற வேண்டும். மூன்று நான்கு அடி வளர்ந்த கன்றும், ஆடு தொடாமலிருக்க முள் அடைப்பும் தேவை. சீமைக் கருவேலை இப்போதே ஒட்ட வெட்டிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கூடுள்ள சீமை மரங்களை மட்டும், நாட்டுக் கருவேல் உயரும்வரை விட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

ஆவணி முதல் ஞாயிறு காலை மடைப் பக்கம் கூடுவோம். மண்வெட்டியும் குடமும் இருப்பவர்கள் கொண்டுவாருங்கள். பழைய தங்கூசி வலை வீட்டில் கிடந்தால் அதையும் அன்றே எடுத்துவாருங்கள்.

நன்றியுடன்,
குளத்துப் பறவைகளைக் கவனித்து வரும் குழுவினர்
நாங்குநேரி வட்டம்