இரண்டு குல்தார்களின் கணக்கையும் எழுதுங்கள்

மகாராஷ்டிரச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தினருக்கும், கடற்படைத் தலைமையகத்தில் வரலாற்று ஆவணங்களைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். ஓய்வுபெற்ற ஐஎன்எஸ் குல்தார் கப்பலைச் சிந்துதுர்க் மாவட்டத்து நிவதி பாறைகளுக்கு அருகே கடலடி அருங்காட்சியகமாக்கும் திட்டம் பற்றியது இந்த மடல். 2025 பிப்ரவரியில் கார்வாரில் வைத்துக் கப்பல் சுற்றுலாக் கழகத்தின் கைக்கு வந்தது. பவளம் படியும், மீன் கூடும், முக்குளிக்க ஆட்கள் வருவார்கள், கரையோர மக்களுக்கு நாலு காசு கிடைக்கும். இதில் எனக்கு மறுப்பே இல்லை. மும்பையில் அருங்காட்சியகமாக நின்ற பழைய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த், பராமரிக்கப் பணமில்லையென்று கடைசியில் உடைக்கப் போனதை நாம் எல்லோரும் பார்த்தோமே! அதற்கு இது எவ்வளவோ மேல்.

ஆனால் திட்டத்தைப் பற்றி நான் படித்த செய்திகளில் கப்பலின் நீளமும் எடையும் ஒதுக்கிய கோடிகளும்தான் இருந்தன. அது எந்தக் கரையில், எதற்காக, யாரை இறக்கியது என்பது இல்லை. படைவீரர்களையும் டாங்கிகளையும் கரையில் இறக்குவதற்கென்றே கட்டிய கப்பலுக்கு அதைத் தவிர வேறென்ன வரலாறு இருக்க முடியும்?

முதலில் ஓர் எச்சரிக்கை. இந்தப் பெயரில் நம் கடற்படையில் இரண்டு கப்பல்கள் இருந்தன. இப்போது உங்களிடம் உள்ளது போலந்தில் கட்டப்பட்டு 1985 டிசம்பரில் படையில் சேர்ந்து, 2024 ஜனவரி 12 அன்று போர்ட் பிளேரில் கொடியிறக்கப்பட்ட இரண்டாவது குல்தார். 1971 போருக்குப் போனது இதுவல்ல. 1966இல் கரியால் என்ற கப்பலோடு நமக்கு வந்து சேர்ந்த முதல் குல்தார். தகவல் பலகை எழுதும் அவசரத்தில் யாராவது இரண்டையும் ஒன்றாக்கி, ‘வங்கதேசப் போர் நாயகன்’ என்று போட்டுவிடக் கூடாது. மூத்த கப்பலுக்குத் தனியாக ஒரு பலகை வையுங்கள். அதன் கதை அப்படிப்பட்டது.

1971 டிசம்பரில் கிழக்குப் பாகிஸ்தானில் தோற்றுக்கொண்டிருந்த பாகிஸ்தான் படை, காக்ஸ் பஜாருக்குத் தெற்கே, எல்லையை ஒட்டிய அரக்கான் பகுதி வழியாகப் பர்மாவுக்குள் தப்பிவிடும் என்று டெல்லி கணக்குப் போட்டது. வழியை அடைக்கச் சில நாட்களில் ஒரு படையைத் திரட்டினார்கள். 1/3 கூர்க்கா ரைபிள்ஸ், அதாவது மூன்றாம் கூர்க்கா ரைபிள்ஸின் முதல் பட்டாலியன்தான் அதில் முக்கியம். கல்கத்தாவிலிருந்து விஸ்வ விஜய் என்ற சரக்குக் கப்பலில் ஏற்றி, நடுக்கடலில் கரியாலுக்கும் குல்தாருக்கும் மாற்றினார்கள். வீரர்களில் பெரும்பாலோர் கடல் பழகாத மலைநாட்டுக்காரர்கள். இறங்கவேண்டிய உக்கியா கரையை முன்கூட்டி ஆழம் பார்த்து வர நேரமில்லை.

தரையிறக்கும் கப்பலின் வேலைமுறை தெரிந்தால்தான் அடுத்து நடந்தது புரியும். இதன் அடிப்பாகம் தட்டை. கரைக்கு இன்னும் தூரம் இருக்கும்போதே பின்பக்கத்து நங்கூரத்தைப் போட்டுவிட்டு, அதன் வடத்தை விட்டுக்கொடுத்தபடி முன்னேறி மணலில் அணியத்தை, அதாவது கப்பலின் முன்முனையை, ஏற்றுவார்கள். அணியத்தின் கதவு திறக்கும், சாய்தளம் இறங்கும், ஆட்கள் ஓடுவார்கள். வேலை முடிந்ததும் அந்த வடத்தைச் சுருட்டித்தான் கப்பல் பின்னுக்கு வரும். இதற்கெல்லாம் கரை ஒரே சரிவாக இருக்க வேண்டும். கரைக்கு முன்னால் மணல்திட்டு இருந்தால் கப்பல் திட்டிலேயே தட்டி நின்றுவிடும். திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஆளை மூழ்கடிக்கும் பள்ளம். நம் ஊரில் கட்டுமரம் தள்ளுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உக்கியாவில் நடந்தது அதுதான். கரியால் திட்டில் தட்டியது. முழுச் சுமையோடு முதலில் இறங்கிய கூர்க்கா வீரர்களில் இருவர் மூழ்கி இறந்தார்கள். இறக்கம் அத்தோடு நிறுத்தப்பட்டது. மற்றவர்கள் பிறகு உள்ளூர்ப் படகுகளில் கரை சேர்ந்தார்கள். தேடிப்போன எதிரி அங்கே இல்லை. டிசம்பர் 16 அன்று டாக்காவில் சரணடைவுக் கையெழுத்தும் ஆகிவிட்டது.

வெற்றிப் போரில் இப்படியொரு பக்கம் இருப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. அதை மறைத்தால்தான் வெட்கம்.

இனி உங்களிடம் உள்ள கப்பல். இது ஓய்வுபெற்றபோது கடற்படை வெளியிட்ட குறிப்பில், இலங்கையில் இந்திய அமைதிப்படையின் பணியில் இந்த வகைக் கப்பல்களும் இருந்தன என்று ஒரு வரி வருகிறது. ஒரே வரிதான்! 1987 ஜூலை 29 இந்திய–இலங்கை ஒப்பந்தம், அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் மூண்ட சண்டை, யாழ் மருத்துவமனையில் கொல்லப்பட்ட நோயாளிகளும் மருத்துவர்களும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் சாவு, 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து கிளம்பிய கடைசிப் படை, திரும்பி வந்தவர்களைச் சென்னைத் துறைமுகத்தில் வரவேற்கப் போகாத முதல்வர் கருணாநிதி என்று அந்த ஒரு வரிக்குள் எங்களுக்கு ஒரு காலமே அடங்கியிருக்கிறது. மருத்துவமனையில் நடந்ததற்கும் குல்தாருக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. எந்தத் தேதியில் எந்தத் துறையில் எந்தப் படைப்பிரிவை ஏற்றி இறக்கியது என்ற கணக்கைத்தான் கேட்கிறேன். கப்பலின் நாட்பதிவேட்டில் அது இருந்தாக வேண்டும்.

ரகசியம் என்று சொல்லிவிடாதீர்கள். 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகமே அறிவித்த கொள்கைப்படி, ஆவணங்களின் ரகசியத் தன்மையைச் சாதாரணமாக 25 ஆண்டுகளில் நீக்கிவிட வேண்டும். போர் வரலாறு தொகுத்து முடிந்ததும் அவை தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். 1990இலிருந்து எண்ணினால் 2015இலேயே கெடு முடிந்துவிட்டது.

2004 சுனாமிக்குப் பின் இவ்வகைக் கப்பல்கள் அந்தமான் நிக்கோபாரில் செய்த நிவாரணப் பணியையும் போடுங்கள். படகுத்துறைகள் நொறுங்கிக் கிடந்த தீவுகளில், துறையே தேவைப்படாத கப்பலின் அருமை தெரிந்தது. இதை நீங்களாகவே போட்டுவிடுவீர்கள் என்பதால் நான் வற்புறுத்தவில்லை. நல்ல பெயர் தரும் செய்திக்குப் பலகையில் எப்போதும் இடம் கிடைத்துவிடும்.

கடலடியில் எழுத்துப் பலகை நிற்காது, பாசி மூடிவிடும் என்பது சரியான கவலை. கரையில் சீட்டு வாங்கும் இடத்திலேயே வையுங்கள். முக்குளிக்கத் தெரியாதவர்களும் படிப்பார்கள். மராத்தியிலும் ஆங்கிலத்திலும் எப்படியும் எழுதுவீர்கள். வங்காளம், நேபாளி, தமிழ் மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உக்கியாவில் மூழ்கிய இருவரின் பெயர், ஊர் விவரத்தை அவர்களின் படைப்பிரிவிடம் கேட்டு வாங்கி, முதல் குல்தாரின் பலகையில் பொறியுங்கள். பதிவேட்டுப் பக்கங்களின் நகல் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அதன் கோப்பு எண்ணை வெளியிட்டால் போதும், மீதியை நாங்கள் போய்ப் படித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடல் வரலாறு படிக்கும் ஒரு தமிழ் வாசகர்