பதவியோடு அதிகாரமும் ஓய்வு பெறுகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எதிர் உளவுப் பிரிவில், அதாவது அயல்நாட்டு உளவாளிகளைக் கண்டுபிடிக்கும் பிரிவில், பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் தனியார் துப்பறியும் தொழிலுக்கு வருவது பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, அவர்களுடைய திறமையைப் பாராட்டியதோடு நின்றுவிட்டதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அந்தத் திறமையை நானும் மதிக்கிறேன். அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வுக்குள் இருந்துகொண்டே சோவியத் ஒன்றியத்துக்குத் தகவல் விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸ், உண்மை கண்டறியும் கருவிச் சோதனையில் இரண்டு முறை தேறியவர். 1985 மே 17 அன்று அவர் சோவியத் தூதரக அதிகாரி ஒருவருடன் மதிய உணவு அருந்தியதையும், மறுநாளே அவருடைய கணக்கில் 9,000 டாலர் செலுத்தப்பட்டதையும் சாண்டி கிரைம்ஸ் என்ற சக அதிகாரி 1992இல் தேதிவாரியாக அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. 1994இல் ஏம்ஸ் கைதானார். கையாடலையும் போலி ரசீதுகளையும் விசாரிக்கும் தனியார் துப்பறிவாளருக்கு இந்தப் பொறுமையே பெரிய முதலீடு.

ஆனால், பணியில் இருந்தபோது பிறருடைய வங்கிக் கணக்கையும் தொலைபேசி விவரங்களையும் பார்க்கச் சட்டம் தந்த அனுமதி, பதவியோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் பொதுப் பதிவேடுகளும் நீதிமன்ற ஆவணங்களும் தாமாகப் பேச முன்வருவோரும்தான் துணை. பழைய சகாக்களிடம் சொல்லி அழைப்பு விவரங்களை வாங்கித் தருவதாக ஒருவர் உறுதியளித்தால், அவரிடம் வழக்கை ஒப்படைக்கவே கூடாது.

இதைவிட எனக்குக் கவலை தருவது, யாரையும் சந்தேகிக்கும் பழக்கம். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யில் இருந்துகொண்டே ரஷ்யாவுக்கு உளவு பார்த்த ராபர்ட் ஹான்சன் செய்த துரோகத்துக்காக, பிரையன் கெல்லி என்ற நேர்மையான சி.ஐ.ஏ. அதிகாரி 1999இல் பணியிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டார். அவருடைய குடும்பத்தாரும் விசாரிக்கப்பட்டனர். 2001 பிப்ரவரியில் ஹான்சன் கைதான பிறகே கெல்லி மீதான களங்கம் நீங்கியது. மேலதிகாரிகள், சட்ட ஆலோசகர்கள் எனப் பல அடுக்கு மேற்பார்வை உள்ள இடத்திலேயே இப்படி நடந்ததென்றால், அறிக்கை நேராகப் பணம் கொடுத்தவர் கைக்குப் போகும் தொழிலில், ஓர் ஊழியரின் வேலையோ ஒரு தம்பதியின் வாழ்க்கையோ வெறும் ஊகத்தால் சிதைந்துபோக எவ்வளவு நேரமாகும்? கண்ணால் கண்டது, பிறர் சொன்னது, தாம் ஊகித்தது ஆகியவற்றை அறிக்கையில் தனித்தனியே எழுத வேண்டும் என்பதை உரிமம் பெறுவதற்கான நிபந்தனையாகவே வைக்க வேண்டும்.

அடுத்த முறை இத்துறையினரைப் பேட்டி காணும்போது, சந்தேகிக்கப்பட்டவர் குற்றமற்றவர் எனத் தெரிந்த வழக்குகளில் கட்சிக்காரரிடம் என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்று தங்கள் செய்தியாளர் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்