செயலாளரின் ஆண்டறிக்கை: கழித்த கச்சான் எங்கே போகிறது?

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே,

மாதக் கூட்டங்கள் வழமைபோல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மீதி அறிக்கை முழுக்கப் பூஞ்சணம் பற்றியதுதான், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

சென்ற பெரும்போகத்தில் கச்சான் பிடுங்குகிற நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. நனைந்ததை விறாந்தையில் குவித்து வைத்தோம். சில நாளில் குவியலுக்குள் கை விட்டால் சூடு. கோதை உடைத்தால் பருப்பில் பச்சையும் மஞ்சளுமாய்ப் பூஞ்சணம். அஸ்பர்ஜிலஸ் என்ற அந்தப் பங்கசு விடும் நஞ்சுதான் அஃப்லடொக்சின். 2021இல் இலங்கைக்கு இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் இருந்தது என்று ஊரெல்லாம் அடிபட்ட அதே பெயர். சிறுகச் சிறுக உடம்பில் சேர்ந்தால் ஈரலில் புற்றுநோய்வரை கொண்டுபோகும். ஒரேயடியாய்ச் சேர்ந்தால் உயிரையே எடுக்கும்: கென்யாவில் 2004இல் பூஞ்சணம் பிடித்த சோளம் சாப்பிட்டு 125 பேர் இறந்தார்கள். வறுத்தால் போய்விடும் என்று நானும் நினைத்திருந்தேன். வறுக்கிற சூட்டுக்கு அது முழுதாக அழிவதில்லை.

ஆகவே சங்கப் பணத்தில் படங்கு வாங்கினோம், வெறும் நிலத்தில் காயப்போடுவதை நிறுத்தினோம். களஞ்சியத்தில் வைக்கச் சோளத்தின் ஈரம் 13 வீதத்துக்கும், உடைத்த கச்சான் பருப்பின் ஈரம் 7 வீதத்துக்கும் இறங்கவேண்டும். ஈரமானி நமக்குக் கட்டுப்படியாகாது. அதனால் சோளத்துக்கு உப்புப் போத்தல் முறை: உலர்ந்த போத்தலில் சோளமும் உப்பும் போட்டுக் குலுக்கி, கால் மணி நேரம் வைத்துப் பார்ப்பது. உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 வீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டாலும் இன்னும் நல்ல வெயில் காட்டத்தான் வேண்டும். முதல் தடவை உப்பைக் காயவைக்க மறந்து, நல்ல சோளத்தையே ஈரம் என்று சொல்லிவிட்டோம். நிலாவெளி உப்பளத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு உப்பைப் பற்றித் தெரியாமல் போனது வெட்கம்தான்.

பொறுக்கும் வேலையைப் பெண்கள்தான் செய்தார்கள். நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாய் இராது, சுருங்கியதிலும் கறுத்ததிலும் பூச்சி துளைத்ததிலும்தான் பெரும்பாலும் இருக்கும். அதனால் கொஞ்சத்தைக் கழித்தாலே நிறையக் குறையும். வியாபாரி ஒருவர் பொறுக்கியதற்கும் பொறுக்காததற்கும் ஒரே விலைதான் தந்தார். அந்த மனக்கசப்பு இன்னும் ஆறவில்லை.

சரி, கழித்தது எங்கே போனது? அங்கேதான் நாம் சறுக்கினோம். நல்லதைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, கழிவைச் சம்பலுக்கு இடித்த வீடுகள் உண்டு. மாட்டுக்கு வைத்தவர்களும் உண்டு. அந்த நஞ்சு பாலில் வரும், பாலைக் குடிப்பது நம் பிள்ளைகள். கோழிக்குப் போட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். 1960இல் இங்கிலாந்தில் பூஞ்சணக் கச்சான் பிண்ணாக்குத் தின்று ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் செத்தபிறகுதான் இந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள். இனிக் கழிவைத் தராசில் எடைபார்த்து, குழியில் புதைப்பதென்று செயற்குழு முடிவெடுத்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. படங்கு இரண்டு இன்னும் திரும்பி வரவில்லை. யார் வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், மழைக்கு முன் தந்துவிடுங்கள்.

செயலாளர்