உங்கள் கேம் ஷாஃப்ட் கிட் பற்றிய புகார்: இந்த முறையாவது முழுவதும் படியுங்கள்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். புகார் எண் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஆனாலும் போன் போட்டால் ஒவ்வொரு தடவையும் புது ஆள் எடுத்து "என்ன பிரச்சினை சார்?" என்று முதலிலிருந்து கேட்கிறார். அதனால்தான் எழுத்தில் அனுப்புகிறேன்.

பாவூர்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகிற ஆறு சிலிண்டர் டீசல் லாரி என்னுடையது. லோடோடு மலை ஏறும்போது இழுவை பத்தவில்லை என்றுதான், இன்ஜின் வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்டும் (சுருக்கமாகக் கேம்) அதோடு சேர்ந்த சாமான்களும் அடங்கிய உங்கள் ஹெவி டியூட்டி கிட் வாங்கினேன். புது கேமில் அதன்மேல் உரசி ஓடுகிற பழைய டேப்பட்டைப் போட்டால் லோபை, அதாவது கேமில் இருக்கிற மேட்டை, தின்றுவிடும், வால்வு ஸ்பிரிங், வால்வுக்குத் தள்ளுவிசை கொண்டுபோகிற புஷ் ராட் எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியாக எடுங்கள் என்று சொன்னதே உங்கள் டீலர்தான்.

அந்தப் பெட்டியில் வந்த பன்னிரண்டு ஸ்பிரிங்கில் இரண்டு வேறு ரகம். உயரமும் சுற்றும் ஒன்றுபோல இருப்பதால் பார்த்தால் தெரியாது, வெர்னியர் அளவுகோல் வைத்தால்தான் கம்பி தடிமன் கூடுதல் என்று தெரிகிறது. கம்பி தடித்தால் வால்வு முழுசாகத் திறக்கும் முன்னாலேயே சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டி நின்றுவிடும், அதுவும் லிஃப்ட், அதாவது வால்வு திறக்கும் அளவு, கூட்டிய உங்கள் கேமில் கேட்கவே வேண்டாம். அதற்காகக் கேம் சுற்றாமல் நிற்குமா? ஐந்தாவது சிலிண்டரில் புஷ் ராட் வளைந்தது, எக்ஸாஸ்ட் வால்வைத் திறக்கிற லோபின் மூக்கு தேய்ந்து வட்டமாகிவிட்டது. இன்ஜினுக்கு அடியில் இருக்கிற ஆயில் தொட்டியான சம்ப்பை இறக்கினால் ஆயிலில் வெள்ளிப்பொடி மினுமினுக்கிறது, பேரிங்கும் கீறல். மெக்கானிக் அண்ணன் இரண்டு ரக ஸ்பிரிங்கையும் வைஸில் நெருக்கி அளந்தது வீடியோவாக உங்களுக்கு வந்தாகிவிட்டது. யாராவது பார்த்தீர்களா?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். உங்கள் ஹெல்ப்லைனில் ஒருவர், பெயர் கேட்டால் சொல்லமாட்டார், "நீங்க ஓனரா டிரைவரா? டெக்னிக்கலா தெரிந்த ஆளிடம் போனைக் கொடுங்க" என்றார். கொடுத்தேன். மெக்கானிக் அண்ணனிடம் "லோக்கல் மெக்கானிக் கை வைத்தால் இப்படித்தான்" என்று சொல்லி வைத்துவிட்டார். தப்பு ஸ்பிரிங்கைப் பெட்டியில் போட்டது யார், நாங்களா?

அதே ஆள்தான் பொருளை உங்கள் மதுரை டிப்போவுக்கு நேரில் கொண்டுவரச் சொன்னதும். அவ்வளவு நீளக் கேமைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்றினேன். "என்ன அண்ணாச்சி, துப்பாக்கியா?" என்று கேட்ட கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட்டும் போட்டார். மாட்டுத்தாவணியில் இறங்கும்போது என் வேட்டியெல்லாம் ஆயில். டிப்போவில் "இன்றைக்கு ஸ்டாக் கணக்கு, திங்கள்கிழமை வாங்க" என்று கேட்டிலேயே அனுப்பிவிட்டார்கள், சாக்கைக்கூடப் பிரிக்கவில்லை. திருநெல்வேலிக்காரனுக்கு வேறு வேலை இல்லையா?

ஆயில் விஷயத்தைச் சொல்ல விட்டுப்போச்சு. ஆயில் சரியில்லை என்று ஒரு மெயில் போட்டிருக்கிறீர்கள். உங்கள் கையேட்டில் போட்டிருக்கிற அதே 15டபிள்யூ40 ரக ஆயில்தான், பில் இணைத்திருக்கிறேன். ஆயில்தான் காரணம் என்றால் மற்ற லோப் எல்லாம் புதுசாகப் பளபளக்குமா?

வண்டி நின்றது புளியரை வளைவில், தக்காளி லோடோடு. தக்காளி போனது, ஓணம் லோடு முழுவதும் போனது, இத்தனை வருஷம் மார்க்கெட்டில் சம்பாதித்த பெயரும் போனது. அதற்கு நீங்கள் என்ன விலை போடுவீர்கள்?

தயவுசெய்து புது கிட், பேரிங், வேலைக்கூலி இவற்றைக் கொடுத்து முடித்துவிடுங்கள். சண்டை போட எனக்கு நேரமில்லை. ஆனால் "கமர்ஷியல் வண்டி, கன்ஸ்யூமர் கோர்ட் செல்லாது" என்று மிரட்டுவதை நிறுத்துங்கள். பிழைப்புக்காக, சுயதொழிலுக்கு வாங்குகிறவனும் நுகர்வோர்தான் என்று 2019 சட்டத்திலேயே இருக்கிறது. நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வாங்கின பொருள் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுக் கேட்டாகிவிட்டது. பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் திருநெல்வேலி நுகர்வோர் ஆணையத்தில் பார்க்கலாம்.

கேமும் இரண்டு ஸ்பிரிங்கும் பட்டறையில் இருக்கின்றன. பார்க்க வேண்டுமென்றால் இனி நீங்கள்தான் இங்கே வர வேண்டும். பதிலை எழுத்தில் அனுப்புங்கள், அந்த ஆளை மட்டும் போனில் பேச வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், திருநெல்வேலி